வடக்குச் சுவர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உன் முதுகுவலி எப்படி? உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். உன் மகள் வரைந்து அனுப்பிய யானையை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அதையும் காட்சிப் பொருள் என்று நினைத்துக் குனிந்து பார்க்கிறார்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் எதைக் கேட்டாலும் "ம்" கொட்டியே தப்பித்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. இது "ம்" கொட்டுகிற விஷயமும் இல்லை.

நேற்று நகர மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பூங்காவில் நான் கண்காணிப்பாளராக இருக்கும் என் கல் அருங்காட்சியகத்தை இடிக்கப் போகிறார்களாம். வடக்குச் சுவர் பலமிழந்துவிட்டதாம், பார்வையாளர்களுக்கு ஆபத்தாம். போன மாதம் உள்ளங்கை அளவுக் கல் சில்லு ஒன்று ஒரு அம்மாளின் காலடியில் விழுந்தது உண்மைதான். அதற்காகப் பொருள்களை எல்லாம் பஸ் நிலையத்துப் புதுக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு மாற்றிவிட்டு, இங்கே வண்டி நிறுத்துமிடம் போடுவார்களாம். ஆட்சேபணை இருந்தால் ஜூன் பத்துக்குள் எழுதித் தர வேண்டும். ஜூலை பதினைந்தில் விசாரணை. பதினைந்து வருஷமாக இந்தக் கட்டடத்தின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஒரு தாளை நீட்டினார்கள் என்பதற்காக அதை நான் அவிழ்த்துக் கொடுக்கப் போவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். சுவர் ஏன் உதிர்கிறது? மற்ற மூன்று சுவர்களும் கல்லுக் கல்லாக நிற்கின்றன. வடக்குச் சுவர் மட்டும் பொருக்குப் பொருக்காக விழுகிறது. மழை விட்டு இரண்டு வாரமானாலும் ஈரம் போவதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பதினாலு வருஷத்துக்கு முன்னால் நீ படிப்பை முடித்த கையோடு வந்து, பத்து நாள் சாரத்தில் நின்று, கல் இடுக்குகளில் பூசினாயே சிமெண்ட், அது மட்டும் அப்படியே இருக்கிறது. கல் ஒரு விரல் ஆழம் உள்ளே போய்விட்டது. உன் சிமெண்ட் கோடுகள் விலா எலும்பு மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. கீழ் மூலையில் ஈரத்தில் ஆணியால் "அக்காவுக்கு" என்று கீறினாய், அந்த எழுத்துக்கூட அழியவில்லை. அந்தக் காலத்துக் கல்லைவிட என் தம்பியின் கைவேலை உறுதி என்று காவலாளியிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

நீ கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்தில் பொறியாளர். காரணத்தை நீ சொல். அதை மன்றத்தின் மேஜையில் கொண்டுபோய் வைப்பது என் பாடு.

முதுகுக்கு ஒத்தடம் கொடு. பதிலை ஆறப்போடாதே.

உன் அக்கா

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். என் முதுகு நாற்காலிக்குப் பழகிவிட்டது. உன் முழங்காலை டாக்டரிடம் காட்டினாயா, இல்லை, வழக்கம்போல அதையும் அதட்டியே சரிப்படுத்தப் பார்க்கிறாயா?

நோட்டீஸ் விஷயம் படித்து வருத்தமாக இருந்தது. வடக்குப் பக்கத்தில் பத்தடிக்குள் ஒரு பெரிய மரம் இருக்கிறது, இல்லையா? அந்த அளவு மரத்தின் வேர் அஸ்திவாரத்துக்கு அடியில் புகுந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். முதலில் அதைப் பார்ப்பது நல்லது. தவிர, கட்டடத்துக்கும் வயசாகிறது அக்கா. நூறு வருஷத்துக்கு மேல் நின்றதே பெரிய காரியம். புது இடத்தில் மின்விசிறியும் நல்ல வெளிச்சமும் இருக்கும். அதையும் யோசித்துப் பார்.

இங்கே ஒரு சேதி. தலைமைப் பொறியாளர் பதவிக்கு என் பெயரும் பரிசீலனையில் இருக்கிறது. ஜூலை முதல் வாரம் நேர்முகத் தேர்வு. இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

தலைமைப் பொறியாளர் என்று வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, காவலாளியிடம் மட்டும் சொன்னேன். என் முழங்கால் அதட்டலுக்கு அடங்கிவிட்டது. உன் வீட்டில் எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்குகிறீர்களா?

நீ சொன்னபடி தோண்டினோம். எங்கள் காவலாளியை உனக்கு நினைவிருக்கும். தினமும் தாமதமாக வந்து, வந்ததிலிருந்து ஊருக்கெல்லாம் மணி சொல்லிக்கொண்டிருப்பான். அதனால் அவனுக்குக் "கடிகாரம்" என்றே பெயர். சுவரை ஒட்டி இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டினான். நானே இறங்கிப் பார்த்தேன். (முழங்கால் பற்றிக் கேட்காதே.)

"மேடம், வேர் கீர் ஒண்ணும் இல்ல. விரல் மொத்தத்துக்குக்கூட இல்ல. மரம் அந்தப் பக்கமா காலை நீட்டிருக்கு. மணி பதினொண்ணே கால்" என்றான்.

வேர் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. அஸ்திவாரக் கல் ஒவ்வொன்றின் மூலையிலும் உளியால் செதுக்கிய பெருக்கல் குறி. மேலே சுவரில் மழை அழித்துவிட்டது போலிருக்கிறது, மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. அது எதற்கென்று பழைய காகிதப் பெட்டியைக் கிளறினேன்.

கதை இதுதான். நூற்றுப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆற்றின் குறுக்கே கல் பாலம் கட்டினார்கள். வண்டிப் பாரத்தைத் தாங்காது, மென்மையான கல் என்று கழித்துவிட்டதற்கெல்லாம் பெருக்கல் குறி போட்டுக் கரையில் குவித்தார்கள். அப்போது இங்கே ஒரு நில அளவைக்காரர் இருந்தார். வேலைக்குப் போன இடமெல்லாம் கல் பொறுக்கிக்கொண்டு வருவார். வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் கல், அடுப்புக்குப் பக்கத்திலும் கல். கடைசியில் அவர் மனைவி, "ஒண்ணு இந்தக் கல்லு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். மனிதர் நேராகப் பாலத்துப் பொறியாளரிடம் போய்க் கழித்த கற்களைக் கேட்டிருக்கிறார். "ஆகாதுன்னு தள்ளின கல்லை வெச்சு என்னய்யா பண்ணப் போறீங்க?" என்று அவர் சிரித்தாராம். "கல்லை வைக்கறதுக்குத்தான் கல்லு கேக்கறேன்" என்றாராம் இவர். அப்படி வந்ததுதான் இந்தக் கட்டடம். நடுவில் ஒரு கூடம், இருபுறமும் ஒவ்வொரு அறை, வாசலில் ஏழு கல் வைத்த வளைவு. சுவரில் ஜன்னல் வைத்தால் பெட்டிகளுக்கு இடம் போய்விடும் என்று கூரைக்கு அடியில் சுற்றிலும் சின்னச் சின்னத் திறப்புகளாக வைத்தார். வெளிச்சம் மேலேயிருந்து இறங்கி நேராகக் கல்லின் மேல் விழும்.

அந்தப் பாலத்தை ஐம்பது வருஷத்தில் இடித்துவிட்டு இரும்புப் பாலம் போட்டார்கள். ஆகாது என்று கழித்த கல் இன்னும் நிற்கிறது. இதை விட்டுவிட்டு மூன்றாவது மாடியில் மின்விசிறிக் காற்று வாங்கு என்கிறாய்.

இதைக் கிளறியபோது ஒரு விளக்க அட்டையில் ஆண்டு தப்பாக எழுதியிருந்தது தெரியவந்தது. கையோடு நாற்பது அட்டைகளையும் எடுத்துச் சரிபார்த்தேன். என் அருங்காட்சியகத்தில் பொய்யான அட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஆக, வேர் காரணமில்லை. அடுத்தது சொல். ஒரு தடவை வந்து பார்த்தால் இன்னும் நல்லது. நீயும் வருஷா வருஷம் வருகிறாய், வாசலோடு திரும்பிவிடுகிறாய். வடக்குப் பக்கம் வா என்றால் வெயில் என்கிறாய். வடக்குப் பக்கம் நிழல்தானடா.

மகளுக்கு முத்தம்.

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை கழுத்தை நெரிக்கிறது. எல்லோரும் நலம், மகளுக்கு மட்டும் சளி.

குழிக்குள் இறங்கும் வயசா உனக்கு? கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் வடக்குப் பக்கம்தானே இருக்கிறது? அதில் எங்காவது விரிசல் இருந்தால் சுவர் காயாது. ஆள் வைத்துப் பார்க்கச் சொல். நீ ஏறாதே.

இந்த மாதம் வர முடியாது. முதுகு பயணத்துக்கு ஒத்துவராது.

தம்பி

*

ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

மகளின் சளி விட்டதா? வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல். உன் முதுகைப் பற்றி இந்த முறை நான் கேட்கப் போவதில்லை. அது உனக்கு வேண்டும்போது வருகிறது, வேண்டாதபோது போகிறது.

குழாயைப் பார்த்தாயிற்று. மேலேயிருந்து நாற்பது குடம் தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டு சுவரில் படவில்லை. பூங்கா அலுவலகத்தின் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்திருந்த மேஸ்திரியம்மாளைத்தான் கூப்பிட்டேன். ஏணியில் ஏறி இறங்கியவர் நம் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கரண்டிக் காம்பால் அங்கங்கே தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"என்னங்க இது, சுவத்துக்கு மூக்கையும் வாயையும் பொத்தின மாதிரி பூசி வெச்சிருக்கு? யாரு பண்ண வேலை?" என்றார்.

நான் காதில் விழாத மாதிரி சாவிக்கொத்தைத் தேடினேன். சாவிக்கொத்து இடுப்பில்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் நில அளவைக்காரர் கட்டும்போது எழுதி வைத்த நோட்டைத் தேடி எடுத்தேன். அதில் ஒரு பக்கத்தை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"இந்தக் கல் மென்மையானது. ஆகையால் சாந்து இதைவிட மென்மையாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு மட்டுமே போதும். சுவர் குடித்த மழை நீர் இடுக்குகளின் வழியாக வெளியேறிவிடும். இடுக்கைக் கெட்டியான பொருளால் அடைத்தால், நீருக்குக் கல்லைத் தவிர வேறு வழி இராது. கல் உடைந்து உதிரும். இடுக்கு தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். கல் தேய்ந்தால் எங்கே போவது?"

நீ பொறியாளர். உனக்கு நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை. என்ன செய்யலாம் என்று எழுது. ஜூன் பத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

அக்கா

*

மே 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நம் தபால்காரர் ஒரு கடிதத்தையும் தொலைத்ததில்லை, அதனால் என் கடிதம் கிடைத்திருக்கும்.

உன் மகளின் யானை இன்னும் என் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

அக்கா

*

மே 26

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. மகளுக்குப் பரீட்சை, எனக்கு நேர்முகத் தேர்வுக்கான தயாரிப்பு. வீடே பள்ளிக்கூடமாக இருக்கிறது. அதனால்தான் எழுத முடியவில்லை.

நீ அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். பழைய முறைகளில் நல்ல விஷயங்கள் உண்டு. ஆனால் ஒரு கட்டடம் பழுதாவதற்கு ஒரே காரணம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. வெயில் படாத சுவர், பக்கத்தில் மரம், தண்ணீர் தேங்கும் மண், இப்படிப் பல சேர்ந்துதான் இருக்கும். மன்றத்தில் நீ ஒன்றைச் சொன்னால் அவர்கள் ஒன்பது கேள்வி கேட்பார்கள். பதினாலு வருஷத்துக்கு முந்தைய வேலைக்கெல்லாம் அனுமதி எங்கே, ரசீது எங்கே என்று தோண்டுவார்கள். உன் வேலைக்கே அது வம்பாகலாம். மூன்றாவது மாடிக்கு ஒத்துக்கொண்டால் மரியாதையோடு முடிந்துவிடும். உன்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

பரீட்சை எழுதியவர் எப்படி எழுதினார்? எழுதப் போகிறவர் எப்படி இருக்கிறார்?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் என்னைப் பற்றிய அக்கறை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். சுவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

உனக்காகக் காத்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஏப்ரல் கடைசியிலேயே மேஸ்திரியம்மாளும் நானுமாக வடக்குச் சுவரின் நடுவில் ஒரு கை நீள, ஒரு கை அகலச் சதுரத்தில் மட்டும் சிமெண்டை உளியால் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைத்தோம். கொத்துவது கஷ்டமான வேலை. கை தவறினால் கல் போய்விடும். ஒரு சதுரத்துக்கு நான்கு நாள் ஆனது. கட்டைவிரலில் எனக்கு நகம் பெயர்ந்துவிட்டது, பரவாயில்லை. மே மாதம் பெய்த மழைக்குப் பிறகு நானும் கடிகாரமும் தினமும் போய்த் தொட்டுப் பார்த்தோம். நாலாம் நாள் அந்தச் சதுரம் காய்ந்துவிட்டது. சுற்றிலும் மூன்று வாரம் ஈரம். ஈரச் சுவரின் நடுவே வெளுப்பாக ஒரு சதுரம், தூரத்திலிருந்தே தெரிந்தது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று ஆட்சேபணையை மன்றத்தில் கொடுத்துவிட்டேன். சுவர் கிழடாகவில்லை, அதற்கு மூச்சு முட்டுகிறது, ஒரு வருஷம் கொடுங்கள், சரிசெய்து காட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறேன். கேட்பார்கள் என்று நினைக்கிற கேள்விகளுக்கும் பதில் எழுதிவிட்டேன்.

இனி உன்னிடமிருந்து எனக்கு ஒன்றும் வேண்டாம். நேர்முகத் தேர்வுக்கு அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொள். வெள்ளை உனக்கு எடுப்பாக இருக்காது.

அக்கா

*

ஜூன் 28

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். கட்டைவிரல் எப்படி இருக்கிறது?

போன திங்கட்கிழமை எங்கள் அலுவலக உதவியாளர் என் மேஜையில் ஒரு கோப்பை வைத்தார். "வெளியூர் நகர மன்றத்துலேர்ந்து வந்திருக்கு சார். இடிக்கலாமா வேண்டாமான்னு கருத்து கேட்டிருக்காங்க. சின்னக் கல் கட்டடம்தான், ஒரு மணி நேர வேலை" என்றார். பிரித்தால் உன் கையெழுத்து. வெளுப்புச் சதுரத்தின் போட்டோ. நில அளவைக்காரரின் பக்கம். மூன்றாவது தாளில் இப்படி எழுதியிருக்கிறாய்:

"பதினாலு ஆண்டுகளுக்கு முன் வடக்குச் சுவரில் சிமெண்ட் பூச உத்தரவிட்டது நானே. அது என் அறியாமையால் நேர்ந்த தவறு. பூசியவர் கூலிக்கு வந்த ஆள். அவர் பெயர் எனக்கு நினைவில்லை."

ஒரு ஆண்டு தப்பானதற்காக நாற்பது அட்டைகளைத் திருத்தியவள் நீ. உன் வாழ்க்கையில் நீ எழுதிய ஒரே பொய்யை எனக்காக எழுதியிருக்கிறாய். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் அக்கா. வெட்கமாக இருந்தது.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உத்தரவிட்டது நீ இல்லை. "சுண்ணாம்பே வெச்சுப் பூசிடேண்டா, எப்பவும் அதான் வழக்கம்" என்றுதான் நீ சொன்னாய். "அதெல்லாம் பழங்காலம், சிமெண்ட்தான் உறுதி" என்று அடம் பிடித்தது நான். படித்துவிட்டு வந்த திமிர். முதல் வேலைக்கான தேர்வில் அந்தச் சுவரின் போட்டோவைத்தான் காட்டினேன். அதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

வேலையில் சேர்ந்த ஐந்தாம் வருஷம் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். மென்மையான கல்லில் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்தது வேறு ஏதோ கட்டடம். எனக்கு நம் வடக்குச் சுவர்தான் தெரிந்தது. அதிலிருந்து ஒன்பது வருஷமாக எனக்குத் தெரியும். வருஷா வருஷம் வந்தேன், வடக்குப் பக்கம் வராமலே திரும்பினேன். அப்போதே சொல்லியிருந்தால் கல் இவ்வளவு தேய்ந்திருக்காது. உன் ஜனவரிக் கடிதத்தில் விலா எலும்பு என்ற வரியைப் படித்ததுமே புரிந்துவிட்டது. புரிந்துகொண்டுதான் வேர் என்றும் குழாய் என்றும் எழுதினேன். முதுகுவலியும் பொய்.

செவ்வாய்க்கிழமை கோப்பை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். இது என் அக்காவின் கட்டடம், பழுது என் கையால் வந்தது, இதில் நான் கருத்துச் சொல்லக் கூடாது என்றேன். அவர் கோப்பை வாங்கி மூடி வைத்தார். பிறகு, "இந்த வருஷம் உங்க பேரை மேல அனுப்ப முடியாது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். கோப்பு வேறொருவரிடம் போய்விட்டது. உன் சதுரத்தைப் பார்த்துவிட்டு அவரே என்ன எழுதுவாரோ எழுதட்டும்.

நானும் தனியாக மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். பெயர் நினைவில்லாத அந்தக் கூலியாள் நான்தான், அவருக்கு உத்தரவு போட்டவர் யாருமில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. நீ திட்டாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

தம்பி

*

ஜூலை 17

என் அருமைத் தம்பிக்கு,

கட்டைவிரலில் புது நகம் முளைத்துவிட்டது. முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் மனைவியும் மகளும் உன்னை எப்படிப் பார்க்கிறார்கள்? நான் பார்க்கிற மாதிரியே பார்த்தால் சரி.

முதலில் விசாரணையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ மற்றதைப் படிக்க மாட்டாய். ஒரு வருஷம் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் வடக்குச் சுவர் முழுவதையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு வைக்க வேண்டும். அடுத்த மழையில் சுவர் காய்கிறதா என்று வந்து பார்ப்பார்கள். காய்ந்தால் இடிக்க மாட்டார்கள். உங்கள் அலுவலகத்து அந்த இன்னொருவர் "சுவரின் பலத்தில் குறையில்லை, பூச்சில்தான் குறை" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். அவருக்கு என் நன்றியைச் சொல்.

மன்றத் தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி நம் இரண்டு பேர் கடிதத்தையும் சத்தமாகப் படித்தார். பிறகு சுற்றிலும் இருந்த அதிகாரிகளைப் பார்த்து, "எங்க ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்தா அதுக்குச் சொந்தக்காரங்க ஒருத்தர்கூடக் கிடைக்க மாட்டாங்க. இங்க ஒரே தப்புக்கு ரெண்டு பேர் சண்டை போடறீங்களே. யாரும்மா சொல்றது நிஜம்?" என்றார்.

"அவன் சொல்றதுதான் சார் நிஜம். அவன் எப்பவும் நிஜம்தான் சொல்லுவான், கொஞ்சம் லேட்டாச் சொல்லுவான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற கடிகாரம் அந்த நேரம் பார்த்து மணி சொன்னான். பொய்யாக எழுதிக் கொடுத்ததற்காக எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்து வருஷத்தில் முதல் எச்சரிக்கை. அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி உனக்கு. திட்டச் சொன்னாய், திட்டுகிறேன். சிமெண்ட் பூசியதற்கு இல்லை. அது தெரியாமல் செய்தது. என்மேல் இருந்த பிரியத்தில் செய்தது. அந்த ஒன்பது வருஷத்துக்குத்தான் திட்டுகிறேன். என்னிடம் சொல்லப் பயந்தாயே, நான் என்ன உன்னை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடமா போடப் போகிறேன்? ஏப்ரலில் மேஸ்திரியம்மாள் சுவரைத் தட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நோட்டைப் படித்தபோது உறுதியானது. அப்போதே உன் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். நீயாகச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். பதவியைப் பற்றி எழுதியிருந்தாய், அதைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. கோப்பு உன் மேஜைக்கே வரும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். பதவி போனது எனக்கு வலிக்கிறது. ஆனால் உன்னை நினைத்து நான் இவ்வளவு நிமிர்ந்து நடந்து ரொம்ப நாளாகிறது.

சரி, வேலைக்கு வருவோம். பத்து நாளில் நீ பூசியதை எடுக்க மேஸ்திரியம்மாள் கணக்குப்படி நான்கு மாதம் ஆகும். அவருக்கும் சுண்ணாம்பு வேலை புதுசுதான், அதனால் உன்னிடம் பெரிய மனுஷி மாதிரி நடந்துகொள்ள மாட்டார். அடுத்த மாதம் முதல் தேதி ஆரம்பிக்கிறோம். உன் விடுமுறையை எல்லாம் சேர்த்துக்கொண்டு வா. பழைய சட்டை இரண்டு கொண்டு வா. முதுகுவலி பொய் என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டதால் அந்த வழி அடைபட்டுவிட்டது.

கீழ் மூலையில் "அக்காவுக்கு" என்று கீறியிருந்த துண்டை மட்டும் நேற்று நானே உடையாமல் கொத்தி எடுத்துவிட்டேன். நாள் முழுக்க ஆனது. அது இப்போது கூடத்தில், வாசலைப் பார்த்த முதல் கண்ணாடிப் பெட்டியில், நில அளவைக்காரரின் நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு அட்டையும் எழுதி வைத்துவிட்டேன்:

"சிமெண்ட். வடக்குச் சுவரிலிருந்து எடுத்தது. பூசியவர் கண்காணிப்பாளரின் தம்பி. சுவர் முழுவதையும் கொத்தி எடுத்துச் சரிசெய்தவரும் அவரே."

என் அருங்காட்சியகத்தில் இன்றைய தேதிக்குப் பொய்யாக இருக்கும் அட்டை இது ஒன்றுதான். சீக்கிரம் வந்து அதை நிஜமாக்கு.

அக்கா